இழுவிசையில் ஆங்கர் போல்ட் எப்படி முறிகிறது: தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து

பினாங்கில் வேலை பார்த்துக்கொண்டே கட்டமைப்புப் பொறியியலில் முதுநிலைப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், இணைப்புகள் பற்றிய தாளில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி, கான்கிரீட்டில் பதிந்திருக்கும் ஆங்கர்கள் இழுவிசைக்கு உட்படும்போது எப்படி முறிகின்றன என்பதுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கூரைக்கு அடியில் தொங்கும் குழாய்ச் சட்டங்களும், அடுக்குமாடி வீடுகளின் வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோன் தாங்கிகளும், கடைகளின் முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் விளம்பரப் பலகைகளும் சில போல்ட்டுகளை நம்பியே நிற்கின்றன. இந்த ஆண்டு இதே தாளை எழுதப்போகும் தம்பி தங்கையர் சிலர் இதை எப்படிப் படிப்பது என்று கேட்டதால், எனக்குப் பயன்பட்ட முறையை விரிவாக எழுதுகிறேன்.

சூத்திரங்களை மனப்பாடம் செய்வதில் தொடங்காதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை. விதிநூலின் தேவையான பக்கங்கள் பெரும்பாலும் வினாத்தாளுடனேயே கிடைத்துவிடும். தேர்வாளர் பார்க்க விரும்புவது, இழுக்கும்போது எந்தப் பொருள் எந்தத் தளத்தில் பிரிந்து வரும் என்பது உங்களுக்குத் தெரிகிறதா என்பதைத்தான். ஆகவே எந்தக் கணக்காக இருந்தாலும் முதலில் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து, அதில் முறிவுத் தளத்தைக் கோடிட்டுக் காட்டுங்கள். போல்ட்டின் எஃகு அறுந்து போகலாம். கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும் போல்ட் தலைக்கு மேலுள்ள கான்கிரீட் கூம்பு வடிவில் பெயர்ந்து வரலாம். தலை பதிந்திருக்கும் இடத்துக் கான்கிரீட் நசுங்கிப் போல்ட் மட்டும் உருவிக்கொண்டு வரலாம். ஓரத்துக்கு அருகில் இருந்தால் பக்கவாட்டில் வெடிக்கலாம். மெல்லிய தளமாக இருந்தால் முழுவதும் பிளந்துவிடலாம். இவற்றுள் மிகக் குறைந்த பளுவில் நிகழ்வது எதுவோ அதுவே அந்த ஆங்கரின் தாங்குதிறன்.

கூம்பு முறிவில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆய்வகச் சோதனை ஒன்றில் பெயர்ந்து வந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பாடப்படங்களில் வரும் கூர்மையான கூம்பைவிட அது மிகவும் தட்டையாக, நடுவில் தடித்தும் விளிம்பில் தகடுபோல் மெலிந்தும் இருந்தது. முறிந்த முகத்தில் சில கருங்கல் துண்டுகள் இரண்டாக உடைந்திருந்தன, சில காரையிலிருந்து அப்படியே கழன்று குழி விட்டிருந்தன. போல்ட்டுக்கோ ஒரு சேதமும் இல்லை. அந்தத் தட்டையான வடிவம்தான் இன்றைய விதிகளின் அடிப்படை. பழைய முறையில் கூம்பின் சரிவை 45 பாகையாகக் கொண்டார்கள். ஃபுக்ஸ், எலிகெஹௌசன், பிரீன் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட முறையில் அது ஏறத்தாழ 35 பாகையாயிற்று. அதாவது போல்ட் பதிந்திருக்கும் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம்வரை கூம்பு ஒவ்வொரு பக்கமும் பரவுகிறது. அவர்கள் கூம்பின் வட்ட அடியைச் சதுரமாக எளிமையாக்கியதால், ஓரங்களும் பக்கத்துப் போல்ட்டுகளும் வெட்டும் பரப்பைக் கையாலேயே கணக்கிட முடிகிறது. அமெரிக்காவின் கான்கிரீட் விதிநூலான ஏ.சி.ஐ. 318 இதை 2002-இல் ஏற்றது, இதே முறையைப் பின்பற்றும் ஐரோப்பிய விதிநூலான இ.என். 1992-4, 2018-இல் வெளிவந்தது.

அடுத்து, தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் நுட்பம் ஒன்று. கூம்பின் பரப்பு ஆழத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்றால், தாங்குதிறன் ஏன் ஆழத்தின் 1.5 அடுக்குக்கு ஏற்ப மட்டுமே கூடுகிறது? காரணம், முறிவுத் தளம் முழுவதும் ஒரே நொடியில் தன் முழு வலிமையைக் காட்டுவதில்லை. விரிசல் போல்ட்டின் தலையருகே தொடங்கி மேல்நோக்கி நகர்கிறது. அது மேற்பரப்பை எட்டுவதற்கு முன்பே உச்சப் பளு வந்துவிடுகிறது. உறுப்பு பெரிதாகப் பெரிதாக, ஓர் அலகுப் பரப்புக்குக் கிடைக்கும் சராசரி வலிமை குறைகிறது. இந்த நான்கு வாக்கியங்களை உங்கள் சொந்த மொழியில் எழுதத் தெரிந்தால் பாதிப் பாடம் கைக்கு வந்தது போலத்தான்.

இப்போது எண்களோடு பார்ப்போம். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகிய கணக்கு இது. 8.8 தர (இழுவலிமை ச.மி.மீ.க்கு 800 நியூட்டன்) எம்16 (16 மி.மீ. விட்டம்) போல்ட் ஒன்று, அறுகோணத் தலையோடு, சி30/37 (உருளை வலிமை ச.மி.மீ.க்கு 30 நியூட்டன்) கான்கிரீட்டில் 100 மி.மீ. ஆழத்தில் பதிந்திருக்கிறது, கான்கிரீட்டில் விரிசல் உண்டு என்றும், ஓரங்கள் தொலைவில் இருக்கின்றன என்றும் கொள்வோம். எஃகின் திறன், இழைப் பரப்பு 157 சதுர மி.மீ. பெருக்கல் 800, அதாவது 125.6 கிலோநியூட்டன். கூம்பின் திறன், விதிநூல் தரும் மாறிலி 8.9 பெருக்கல் 30-இன் வர்க்கமூலம் பெருக்கல் 100-இன் 1.5 அடுக்கு, அதாவது சுமார் 48.7 கிலோநியூட்டன். தலையை ஒட்டிய கான்கிரீட் நசுங்குவதற்கு, தலையின் தாங்கு பரப்பு ஏறத்தாழ 298 சதுர மி.மீ.; அதை 7.5 மடங்கு கான்கிரீட் வலிமையால் பெருக்கினால் 67 கிலோநியூட்டன். சுற்றியுள்ள கான்கிரீட் அந்தச் சிறு பகுதியை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடிப்பதால்தான் இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தை அது தாங்குகிறது. ஆக, இங்கே ஆள்வது, அதாவது முதலில் முறிவது, கூம்பு.

ஆழத்தை 200 மி.மீ. ஆக்கினால் கூம்பின் திறன் 2.83 மடங்காகி 138 கிலோநியூட்டனைத் தொடும். எஃகின் 125.6-ஐ அது தாண்டிவிட்டதால் இனி எஃகுதான் ஆளும் என்று பலர் அவசரமாக முடித்துவிடுவார்கள். ஆனால் தலையின் பரப்பு மாறவில்லையே. உருவிக்கொண்டு வரும் திறன் அதே 67 கிலோநியூட்டனில் நிற்கிறது, இப்போது அதுவே ஆள்கிறது. தலையில் 40 மி.மீ. விட்டமுள்ள, வளையாத அளவுக்குத் தடித்த வட்டத் தகடு ஒன்றைச் சேர்த்தால் தாங்கு பரப்பு 1,050 சதுர மி.மீ. அளவுக்கு உயர்ந்து, அந்தத் திறன் 230 கிலோநியூட்டனைக் கடக்கிறது. அப்போதுதான் எஃகு முதலில் முறியும் நிலை வருகிறது. வடிவமைப்பாளர்கள் இந்த நிலையையே விரும்புகிறார்கள், ஏனெனில் எஃகு நீண்டு எச்சரிக்கை தரும், கான்கிரீட் திடீரெனப் பெயரும். மூன்று எண்களையும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு மாற்றம் ஆளும் முறிவை எப்படி நகர்த்துகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

குழுவாக வரும் போல்ட்டுகளில் மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம். அதே 100 மி.மீ. ஆழத்தில், 150 மி.மீ. இடைவெளியில், சதுரமாக நான்கு போல்ட்டுகளை வைத்தால் திறன் நான்கு மடங்காகாது. தனிப் போல்ட்டின் சதுரம் 300க்கு 300, குழுவின் சதுரம் 450க்கு 450, விகிதம் 2.25 மட்டுமே. எனவே 195 கிலோநியூட்டன் எதிர்பார்த்த இடத்தில் 110 தான் கிடைக்கிறது. கூம்புகள் ஒன்றோடொன்று மேற்பொருந்திய பகுதியை இருமுறை எண்ணக்கூடாது என்பதே இதன் பொருள். ஓரமும் அப்படித்தான்: தனிப் போல்ட் ஒன்று ஓரத்திலிருந்து 75 மி.மீ. தொலைவில் இருந்தால், பரப்பு 0.75 ஆகக் குறைவதோடு, அழுத்தப் பரவல் குலைவதற்காக 0.85 என்ற காரணியும் சேர்ந்து, 48.7 கிலோநியூட்டன் சுமார் 31 ஆகிவிடும். இரண்டு குறைப்புகளும் வேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விடக்கூடாது.

விரிசல் இல்லாத கான்கிரீட்டுக்கு 8.9-க்குப் பதிலாக 12.7 பயன்படுத்தலாம். ஆனால் பீமின் அடிப்புறம் போல இழுவிசைக்கு உட்படும் இடங்களில் விரிசல் இருப்பதாகவே கொள்வதுதான் பாதுகாப்பு. வினா எதுவும் சொல்லாவிட்டால் நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பக்கவாட்டு வெடிப்பு, ஆழமாகப் பதிந்து ஓரத்துக்கு மிக அருகில் நிற்கும் தலையுள்ள போல்ட்டுகளுக்கே உரியது. ஓரத் தொலைவு ஆழத்தில் பாதிக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி அதைச் சரிபார்க்கத் தேவையில்லை. பிளத்தல், துளையிட்டு விரித்து இறுக்கும் ஆங்கர்களில் முக்கியம். பளு ஏறுவதற்கு முன், நட்டை முறுக்கும்போதே அது நிகழலாம்.

கெமிக்கல் ஆங்கர் எனப்படும் பசை ஆங்கர்களைத் தனிப் பாடமாகவே கருதிப் படியுங்கள். இங்கே தலை இல்லை. பளு முழுவதும் துளைச் சுவரில் உள்ள பசைப் பிடிப்பின் வழியாகக் கடத்தப்படுகிறது. முறிவு பெரும்பாலும் கலப்பாக வரும்: மேற்பகுதியில் ஆழமற்ற சிறு கூம்பு, அதற்குக் கீழே பசை விட்டு நழுவல். துளையில் தூசி தங்கினால் பிடிப்பு வெகுவாகக் குறையும் என்பதால்தான் ஊதுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, மீண்டும் ஊதுவது என்ற வரிசையைத் தயாரிப்பாளர்கள் வற்புறுத்துகிறார்கள்.

பசை காலப்போக்கில் மெல்ல இழுபடும். 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். நிலையான இழுவிசையில் நீண்டுகொண்டே போகும் தன்மையுள்ள எபோக்சிப் பசை அங்கே பயன்பட்டிருந்ததை விசாரணை கண்டறிந்தது. 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில், பசை ஆங்கர்களில் தொங்கிய கூரைப் பலகைகள் சரிந்து ஒன்பது பேர் இறந்தனர். இந்த உயிர்களை மனத்தில் வைத்துப் படித்தால், நிலையான பளுவுக்கு ஏ.சி.ஐ. விதி 0.55 என்ற குறைப்பையும், தயாரிப்பு ஆவணத்தில் மதிப்பு தரப்படாதபோது ஐரோப்பிய விதி 0.6 என்ற அளவையும் ஏன் வைத்திருக்கின்றன என்பது மறக்காது.

தேர்வு அறையில் நான் பின்பற்றிய வரிசை இது. முதலில் குறுக்குவெட்டும் மேலிருந்து பார்க்கும் படமும்; பின்பு எஃகு, ஏனெனில் அது ஒரே வரியில் முடியும்; அடுத்துக் கூம்பு, பரப்பு விகிதத்தைப் படத்திலேயே அளவுகளோடு குறித்து; அதன்பின் உருவல் அல்லது பசைப் பிடிப்பு; மற்றவற்றைச் சரிபார்க்கத் தேவையா என்பதற்குக் காரணத்தோடு ஒரு வாக்கியம்; இறுதியில் பாதுகாப்புக் காரணிகளால் வகுத்து, ஆளும் முறிவின் பெயரை எழுதுதல். நேரம் போதாமல் போனால் கடைசிப் பெருக்கலை விட்டுவிடலாம். படத்தையும், எது ஏன் ஆள்கிறது என்ற விளக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.