பெரியப்பா 2, பெரியம்மா 5

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?"

பெரியப்பா யோசிக்காமல் 2-ஐ வட்டம் போட்டார்.

பெரியம்மா பேனாவைப் பிடுங்கி, அடித்துவிட்டு 5 போட்டார். "பாத்ரூம் சுவிட்ச் சத்தம் எனக்குக் கேக்காதா?"

இன்று காலை, அண்ணா நகரில் ஒரு யூராலஜி டாக்டர் அறை வாசல். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு ஏழு கேள்வி, மொத்தம் 35 மதிப்பெண். 20-ஐத் தொட்டால் கடுமை. பெரியப்பா கணக்கில் 11. பெரியம்மா எல்லாவற்றையும் திருத்தி முடித்தபோது 21.

இத்தனை நாள் பெரியப்பா வைத்தியம் வேறு. மாடி வீட்டுக்காரர் ஆபரேஷன் முடிந்து டியூபோடு திரிந்தார், அதனால் ஆபரேஷன் வேண்டாம். கிளாம்பாக்கம் பஸ்ஸை விட்டுவிட்டு எழும்பூர் ரயிலுக்கு மாறினார். அதில் டாய்லெட் இருக்கிறதே! ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். டாம்சுலோசின் மாத்திரை சில நாளிலேயே கேட்கும், ஆனால் எழும்போது தலை சுற்றலாம். ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். ஆபரேஷன் என்றால் சிறுநீர் நன்றாகப் போகும், விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடலாம்.

பெரியப்பா சுவர் காலண்டரைப் பார்த்தார். 68 வயதில் அதெல்லாம் யாருக்குக் கவலை என்று நினைத்திருந்தேன். தப்பு.

டாக்டர் எட்டாவது கேள்வியைக் காட்டினார். மதிப்பெண்ணில் சேராதது. இப்படியே மிச்ச வாழ்க்கையைக் கழிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அதில் மட்டும் பெரியம்மா கை வைக்கவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

பெரியப்பா அதை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர், போயிட்டு வந்துடறேன்."