நான்கு பேர் வாசிக்க, பதினோரு பேர் கேட்க

அரசுப் பண உதவியில் நடந்த இசைக் கச்சேரி. மேடையில் நான்கு பேர். கீழே என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

"இதுக்கெல்லாமா நம்ம வரிப்பணம்?" என்று பக்கத்து இருக்கைக்காரர் காதைக் கடித்தார்.

நான் செல்லோ வாசித்தவரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன் ஓரம் பிரிந்து, விரல் தந்தியில் இறங்கும்போதெல்லாம் லேசாகத் துடித்தது.

பாமோல், போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கலைக்கு ஏன் பணம் போதுவதில்லை என்று 1966-இலேயே எழுதிவிட்டார்கள். தொழிற்சாலைக்கு இயந்திரம் வந்தால் ஆளும் நேரமும் குறையும். நால்வர் இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நான்கு பேர்தான், அதே நேரம்தான். சம்பளம் மட்டும் ஊரோடு சேர்ந்து ஏறும். டிக்கெட் காசு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகும்?

சரி, மீதியை அரசு கொடுக்கட்டும். யாருக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்வது? அங்கேதான் எனக்கும் இடிக்கிறது. வேண்டப்பட்டவர்களுக்கே போய்ச் சேரும் என்ற பயம் நியாயமானதுதான்.

ஆனாலும் 1935-இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, அமெரிக்க அரசு ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. வாங்கியவர்களில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜாக்சன் பொல்லாக்கும் ஒருவர். அப்போது அவர் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிளாஸ்திரியப் பாத்தீங்களா?" என்றார்.