1500 மீட்டருக்கு 12 நாள் முன்பு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்

நேற்று முடிவு வந்தது. பட்டியலில் என் எண் இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது கெண்டைக்காலைப் பற்றி.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு வரும் 1500 மீட்டர் ஓட்டத்துக்கு 12 நாள் இருந்தது. காலைப் பயிற்சியில் கடைசிச் சுற்றை விரட்டி ஓடினேன். இடது கெண்டைக்காலில் சுரீரென்று ஒரு இழுப்பு. வீக்கமில்லை, நடக்க முடிந்தது. அதோடு விட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. மூன்றாம் நாள் வலி குறைந்த மாதிரி இருக்கவும், "ஒரு சுற்று ஓடிப் பார்ப்போம்" என்று மைதானத்தில் இறங்கினேன். 200 மீட்டர் தாண்டவில்லை, அதே இடத்தில் மறுபடி பிடித்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. இரண்டு வருட உழைப்பு.

தயவுசெய்து ஓடிப் பார்க்காதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நடக்கும்போது வலிப்பது முதலில் நின்றுவிடும், ஓட்டத்தைத் தாங்கும் வலு அப்புறம்தான் வரும். நடுவில் இருக்கும் நாட்களில்தான் தசை மறுபடி கிழியும்.

ஓடாமலே தெரிந்துகொள்ள வழி உண்டு. சுவரில் விரல் நுனியை வைத்து, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழுசாகத் தூக்கி இறக்குங்கள். நல்ல காலில் எத்தனை வருகிறது என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு வலதில் 25. நான்காம் நாள் இடதில் 6தான். ஏழாவது தடவை தூக்கும்போது குதிகால் பாதி உயரத்திலேயே நடுங்கி நின்றது. எட்டாம் நாள் 17. பத்தாம் நாள் 24, வலியே இல்லை. அதற்குப் பிறகுதான் மெல்லத் துள்ளிப் பார்த்து, 10 நிமிடம் மெதுவாக ஓடினேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஷூவை அக்காவிடம் கொடுத்து, பத்தாம் நாள் வரை நான் கேட்டாலும் தராதே என்று சொல்லிவைத்தேன். இரண்டு தடவை கேட்டேன், தரவில்லை.

மற்றவை:
- முதல் 2, 3 நாள் தைலம் போட்டு உருவுவது, வெந்நீர் ஒத்தடம், காலை இழுத்து நீட்டுவது எதுவும் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 10, 15 நிமிடம் வைத்தால் வலி அடங்கும்.
- தம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். ஒரு வாரத்தில் பெரிதாகக் குறையாது. வலிக்காவிட்டால் சைக்கிள் மிதிக்கலாம்.
- வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடக் கூடாது. கால் எச்சரிப்பது தெரியாமல் போய்விடும்.
- எலும்பில் ஒரே புள்ளியில் வலி, காலை ஊன்ற முடியாமை, கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருப்பது: உடனே டாக்டரிடம் போங்கள்.

ஓட்டத்தன்று எல்லாரும் பாய்ந்து கிளம்புவார்கள். கூடவே பாய்ந்தால் கால் போய்விடும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி. முதல் 300 மீட்டரை 84இல் முடித்து, பிறகு ஒவ்வொரு 400 மீட்டர் சுற்றையும் 112இல் ஓடினால் போதும். முதல் சுற்றில் நான் கடைசி ஆள். மூன்றாவது சுற்றில் ஏழெட்டுப் பேரைத் தாண்டினேன். 6 நிமிடம் 44 விநாடி.

அடுத்த கட்டத்தில் 100 மீட்டர், 400 மீட்டர் இரண்டில் ஒன்றை ஓட வேண்டும்; 100 வேண்டாம் என்று 400ஐ எடுத்தேன். 100இல் கிளம்பும் அந்த முதல் சில அடிகளில் கெண்டைக்கால்மேல் பெரிய பாரம் விழும். இப்போதும் காலையில் பல் தேய்க்கும்போது இடது காலில் 25 தூக்கிவிட்டுத்தான் வருகிறேன்.