உருபு மாறினால் கதை மாறும்

பெயர்ச்சொல்லோடு சேர்ந்து அதன் பொருளை மாற்றும் வேற்றுமை உருபுகளை மாணவர்கள் ஒப்பிக்க வைப்பதைவிடச் சீட்டுகளாக்கிக் கையில் கொடுப்பது மேல். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 12 பெயர்ச் சீட்டுகள், 5 உருபுச் சீட்டுகள் (ஐ, ஆல், ஓடு, கு, இல்) போதும். பெயர்களில்தான் கவனம் வேண்டும். மரம், வீடு, ஆறு, கல், பசு, பூனை எனப் பலவகை ஈறுகள் கலந்திருக்கட்டும். எல்லாமே பூனை, யானை என்றிருந்தால் புணர்ச்சியின் (சொற்கள் சேரும்போது எழுத்துகள் மாறுவதன்) பலவகைகள் தென்படா.

ஒருவர் இரண்டு சீட்டுகளை எடுத்துச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'மரமை' என்று ஒரு குரல் கட்டாயம் வரும். உடனே திருத்தாதீர்கள். "பேசும்போது எப்படிச் சொல்வாய்?" என்றால் 'மரத்தை' தானாக வந்துவிடும். மரத்தை, வீட்டை, ஆற்றை, கல்லை, பசுவை, பூனையை என்று பலகையில் எழுதியபின் விதியை அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். சாரியை ('மரத்தை' என்பதில் இடையே வரும் 'அத்து' போன்றது) என்ற பெயரெல்லாம் அப்புறம்.

அடுத்தது எழுத்துப் பயிற்சி. 'சிறுமி பூனை___ பேசினாள்.' பூனையோடு என்றால் நட்பு. பூனைக்காக என்றால் வழக்காடல். பூனையைப்போலப் பேசினாள் என்றால் வகுப்பே மியாவ்! ஒன்றைத் தேர்ந்து பத்து நிமிடத்தில் ஐந்து வரி. 'ஒரு ஊரில்' என்று தொடங்கத் தடை. இல்லையேல் பாதி நேரம் ஊரிலேயே போய்விடும்.

முதல் படியில் சிவப்பு மை வேண்டாம். இரண்டாம் படியில் ஐ, கு வரும் இடங்களை மட்டும் பார்க்கலாம்: 'பூனையைத் தேடினாள்', 'வீட்டுக்குப் போனாள்' என ஒற்று மிகும் (நடுவே த், ப் வரும்); 'பூனையோடு போனாள்' என்பதில் மிகாது.