மாமாவின் கூண்டும் பால்மரக் காட்டு விடியலும்

பெரிய மாமாவுக்கு 71 வயது. மலேசியாவின் பிறையில் நாலாவது மாடி பிளாட் வீட்டு வாசலில் இரண்டு கூண்டுகள் தொங்கவிட்டிருந்தார். இரண்டிலும் ‘முராய் பத்து’ என்ற பாட்டுக்குருவி, கூண்டுக்கு ஒன்று. தமிழில் சோலைபாடி என்பார்கள்: கறுப்புத் தலை, செம்பழுப்பு வயிறு, உடம்பைவிட நீளமான வால். விடியற்காலை ஐந்தரைக்குக் கூண்டின் துணியை அவிழ்ப்பார், வெட்டுக்கிளி கொடுப்பார், நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அது பாடி முடிக்கும்வரை தே கூடக் குடிக்க மாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் அவரிடம் சட்டம் பேசினேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010, உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது, வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தான் வந்தால் என்ன செய்வீங்க என்று. "உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே நான் குருவி வளர்க்கிறேன்" என்றார். அதோடு இரண்டு மாதம் என்னோடு பேச்சில்லை. கூண்டுகள் மட்டும் அங்கேயே தொங்கின.

அதே சமயம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கடத்தலில் பிடிபட்ட பறவைகளின் படத்தையும் போட்டேன். நெருக்கி அடைத்த சின்னச் சின்னப் பெட்டிகள். பார்த்தால் மனசு கலங்கும் என்று நினைத்தேன். தம்பி முறை உள்ள ஒருவன் கேட்டான்: "அக்கா, இவ்வளவு பேர் வாங்குறாங்களா? என்ன விலை?"

எனக்கு அது உறைக்க நாளானது. பிறகுதான் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா. "பலர் இங்கிருந்து துண்டுகளை எடுத்துப்போய்விட்டார்கள்" என்று பலகை வைத்த இடத்தில் திருட்டு கூடியது. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்ன இடத்தில் குறைவாக இருந்தது. எல்லாரும் செய்கிறார்கள் என்று கேட்டாலே, நாமும் செய்யலாம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. நான் போட்ட படம் சொன்னதும் அதைத்தான்.

அடுத்த முறை மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாமா, இந்தக் குருவி ஏன் உங்களுக்கு இவ்வளவு பிடிக்கும்?"

அவர் நினைப்பு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டது. இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், அப்புறம் பால்வெட்டு. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு மரமாகப் போகும்போது காட்டோரத்தில் முராய் பாடும். ஆற்றங்கரையில் பாராவ் பாராவ், வைக்கோல் நிறத் தலை உள்ள பெரிய கொண்டைக்குருவி, ஜோடியாகக் கூவும். தோட்டத்தை விற்றார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்தார்கள், அவர் பிளாட்டுக்கு வந்தார். "அந்தக் காலை நேரம் மட்டும் எனக்கு வேணும்மா" என்றார். பாராவ் பாராவ் சத்தம் கேட்டு முப்பது வருஷம் இருக்கும் என்றும் சொன்னார்.

அந்தச் சத்தம் ஏன் காதில் விழவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். பாட்டுக்காகப் பிடித்துப் பிடித்தே தாய்லாந்திலும் ஜாவாவிலும் அது காட்டிலிருந்து அற்றுப்போனது. 2018இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள பறவையாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பனாமாவில் நடந்த சைட்ஸ் மாநாட்டில், அதாவது அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் மாநாட்டில், அதை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். அதே மாநாட்டில் முராய் பத்துவும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. மாமா கூண்டைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

கூண்டைத் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காட்டில் பிடித்தது என்றே தெரியாத, வருடக்கணக்கில் கையில் தீனி வாங்கிய பறவை வெளியே பிழைப்பது கஷ்டம். அடுத்த பறவையை வாங்காமல் இருப்பதுதான் காட்டுக்கு உதவும். ஆனால் மாமாவின் கூட்டாளிகளிடம் ஒரு நம்பிக்கை உண்டு: காட்டில் பிடித்ததுதான் நன்றாகப் பாடும். ஒட்டுக்கடையில் யாருடைய குருவி பெரிசு என்ற பேச்சும் இருக்கும். அங்கே மரியாதை இருக்கும்வரை சட்டம் வாசலோடு நின்றுவிடும்.

தாத்தா சிவகங்கைச் சீமையிலிருந்து வந்தவர். அந்தப் பக்கம் வேட்டங்குடியில் 1977இல் அறிவித்த பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வெடித்தால் ஊரே முகம் சுளிக்கும். நமக்கும் அப்படி ஓர் ஊர்வழக்கம் வேண்டும் என்று எனக்கு ஆசை.

போன வருடம் மாமாவைக் கூட்டிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோக்குன் காட்டுக்குப் போனேன், செயிண்ட் அன்னா திருவிழாவுக்குப் போவோமே, அந்தப் பக்கம்தான். இன்னும் விடியவில்லை. ஓடை ஓரமாக நின்றோம். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு முராய் ஆரம்பித்தது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது வேற மாதிரி பாடுது. பதில் சொல்ல இன்னொண்ணு இருக்கு, கேளு" என்றார். உண்மைதான், மேட்டிலிருந்து இன்னொன்று பாடியது.

மார்ச்சில் அவருடைய ஒரு பறவை வயதாகிச் செத்தது. அந்தக் கூண்டு இப்போது காலி. இன்னொன்றின் உரிமத்துக்காக அவரே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

நேற்று ஒட்டுக்கடையில் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புறோம் என்று ஒருவர் கேட்டார்.

"அஞ்சு மணி" என்றார் மாமா. "நீளக் காலுறை போட்டுக்கிட்டு வா. அட்டை இருக்கும்."