தம்பிக்கு மனச்சிதைவு நோய் ஏன் வந்துச்சுன்னு கேட்டவங்களுக்கு

எங்க வீட்ல ஆளுக்கொரு காரணம் வெச்சிருந்தாங்க. அப்பாவோட அண்ணன் ஒருத்தர் கடைசி வரைக்கும் தனியா பேசிக்கிட்டே திரிஞ்சவரு, அதனால அம்மாவுக்கு "உங்க பரம்பர வியாதி". அப்பாவுக்கு, திருப்பூர் சகவாசம். பெரியம்மா செய்வினைன்னே முடிவு பண்ணி குணசீலத்துக்கு கூட்டிட்டு போயி தங்க வெச்சாங்க. கோயில நான் குறை சொல்லல, ஆனா அந்த மாசமெல்லாம் தம்பி மாத்திரை இல்லாமலே இருந்தான்.

அவன் சேலம் செவ்வாப்பேட்டைல கொலுசு பட்டறைல இருந்தவன், சம்பளம் பத்தலன்னு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு போனான், அங்க நைட் ஷிப்ட், ரூம்ல கஞ்சா, தூக்கமே கெடையாது, அதுக்கு மேல காண்ட்ராக்டர் ஒருத்தன் கூலிய ஏமாத்திட்டான். திரும்பி வந்தப்ப ஆளே வேற. பக்கத்து வீட்ல யாராவது செருமினா தனக்குத்தான் சிக்னல் குடுக்கறாங்கம்பான், ஃபேன் சத்தத்துல ரெண்டு பேரு அவனப் பத்தி பேசறாங்கன்னு ஃபேன ஆஃப் பண்ணிட்டு வேர்த்து ஊத்த உக்காந்திருப்பான்.

அப்பறம்தான் மனநல டாக்டர். மனச்சிதைவுன்னாங்க, ஸ்கிசோஃப்ரீனியா. பரம்பரையா மேடம்னு அம்மா முந்திக்கிட்டு கேட்டுச்சு. அதுவும் இருக்கு, ஆனா அது மட்டும் இல்லம்மான்னாங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்த நோய் இருந்தா கூட பிள்ளைங்கள்ல சுமாரா 100க்கு 10 பேருக்குதான் வருதாம், ஒரே கரு ரெண்டா பிரிஞ்ச இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கு வர்றது மூணுல ஒரு பங்குலருந்து பாதி வரைக்கும்தான், ஜீன் மட்டும்னா ரெண்டு பேருக்கும் வந்தாகணுமே. ஏற்கனவே வர்ற வாய்ப்பு இருக்கற ஒடம்புல வயசுப் பருவத்துல கஞ்சாவும் தூக்கமில்லாமையும் சேர்ந்தா இன்னும் மோசம்னாங்க.

எனக்கு மண்டைல ஏறுனது அடுத்து சொன்னது. மூளைல டோபமைன்னு ஒரு ரசாயனம் இருக்காம், அதோட கணக்கு தப்பறப்ப ஒண்ணுமில்லாத சத்தம் கூட ரொம்ப முக்கியமான விஷயம் மாதிரி தோணுமாம், ஏன் இப்படி தோணுதுன்னு மனசு ஒரு கதை கட்டிக்குமாம். அந்த கதைக்கு சரக்கு அவனவன் வாழ்க்கைலருந்துதான். தம்பிக்கு கேட்ட குரல் யாரோடது தெரியுமா, அந்த காண்ட்ராக்டரோடது.

மாத்திரைல குரல் நல்லா கொறஞ்சுச்சு. கை நடுக்கம், பசி, வெயிட்டு போட்டது எல்லாம் கூடவே வந்துச்சு, சுகர் டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும், இத யாரும் லேசா சொல்லாதீங்க. ஆடி பண்டிகைக்கு சொந்தக்காரங்க வந்தப்ப "நல்லாத்தான இருக்கான், எதுக்கு மாத்திரை"ன்னாங்க, அவனும் நிறுத்திட்டான், மறுபடியும் ஃபேன் ஆஃப்.

அந்த தடவ டாக்டர் எங்களத்தான் உக்கார வெச்சு பேசுனாங்க. 1950கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரிலருந்து போனவங்கள கவனிச்சிருக்காரு, அப்பா அம்மாகிட்டயோ பொண்டாட்டிகிட்டயோ போனவங்கள விட தனியா வாடகை ரூம்ல தங்குனவங்க நல்லா இருந்திருக்காங்களாம். ஓயாம குத்திக் காட்டறது, எல்லாத்துக்கும் பின்னாடியே நிக்கறது, இதுதான் நோய திருப்பி இழுத்துட்டு வருதுன்னு அப்பறம் கண்டுபிடிச்சாங்க. அம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. நோய உண்டாக்கறது நீங்க இல்லம்மா, ஒரு காலத்துல தாய் வளர்ப்புதான் காரணம்னு டாக்டருங்களே பேசுனாங்க, அத எப்பவோ தப்புன்னு விட்டாச்சுன்னு தெளிவா சொன்னாங்க. அதுக்கப்பறம் "எந்திரிச்சு குளிடா எரும" கொஞ்சம் நின்னுச்சு. முழுசா எங்க நிக்குது, எங்கம்மா அது!

நான் பார்த்த வரைக்கும் மாத்திரை, பேச்சு, வேலை மூணும் சமம்லாம் இல்லீங்க. மாத்திரை இல்லாம பேச்சு ஏறல, வேலை இல்லாம மாத்திரை மட்டும் அவன எழுப்பி உக்கார வெக்கல. மாமா ஏற்காட்ல கொஞ்சம் காப்பித் தோட்டம் வெச்சிருக்காரு, பழம் பறிக்கற சீசன்ல அவன வரச் சொன்னாரு, முடிஞ்ச வரைக்கும் பறிச்சா போதும், கணக்கு கேக்க மாட்டேன்னு. இருவது கொண்டை ஊசி வளைவும் பஸ்ல தனியாவே ஏறிப் போனான். குரல் இன்னும் அப்பப்ப வருதாம், "வந்தா வந்துட்டு போவட்டும்க்கா"ங்கறான்.

மாற்றுத்திறனாளி சான்று இதுக்கும் உண்டு, 2016 சட்டத்துலயே மனநோய் இருக்கு, தன்ன பாத்துக்கறது, பழகறது, பேசி புரிஞ்சுக்கறது, வேலை இதுக்கெல்லாம் மார்க் போட்டு 40 சதவீதம் வந்தா சலுகைக்கு கேக்கலாம். ராத்திரி அவசரமா பேச ஆள் வேணும்னா அரசோட மனநல உதவி நம்பர் 14416, தமிழ்லயே பேசலாம்.

இப்ப பெரியம்மா புதுசா, கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்னு ஜாதகத்தோட சுத்துறாங்க. அவனுக்கு விருப்பம்னா பண்ணலாம், ஆனா பொண்ணு வீட்ல நோயையும் மாத்திரையையும் சொல்லிட்டுதான் பேசணும்னு நான் சொல்லிட்டேன். ரெண்டு வாரமா எங்கிட்ட பேசறதில்ல.