முதலாளி நல்லவரா என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்

முதலாளி, வேலையாள் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குணத்திலிருந்து தொடங்குகிறார்கள். முதலாளிக்குக் கொஞ்சம் ஈர நெஞ்சு, கொஞ்சம் கறார். வேலையாளுக்குக் கொஞ்சம் விசுவாசம், கொஞ்சம் புகைச்சல். இப்படிக் கலந்து வைத்தால் யார் பக்கம் நியாயம் என்று வாசகர் திணறுவார் என்பது கணக்கு. திணறமாட்டார், பாதியிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படிப் போகிறது என்று எழுதுகிறவருக்கே தெரியாதபோது மிஞ்சுவது வெறும் சுபாவம்தான்.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் கதைக்களம் வைத்தால் முதலில் எழுத வேண்டியது சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், கணக்கு நோட்டு. கதையில் அது வரவே வேண்டாம். உங்கள் மேசையில் இருந்தால் போதும்.

ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்வோம். பங்குமுறை ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். இங்கே கதைக்காக ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். ஒரு தங்கலில், அதாவது கடலில் தங்கி மீன்பிடித்துத் திரும்பும் ஒரு நடையில், மீனும் இறாலும் விற்று 84,000 ரூபாய். டீசல் 38,000, ஐஸ் 5,000, அரிசி, தண்ணீர், சில்லறைச் செலவு 5,000. மீதி 36,000. பாதி படகுக்கு, அதாவது சம்மாட்டிக்கு. மற்ற 18,000-ஐ ஆறு பங்காக்கி டிரைவருக்கு இரண்டு, நாலு ஆட்களுக்கு ஒவ்வொன்று. ஆளுக்கு 3,000. நம் ஆள் முன்பணமாக 60,000 வாங்கியிருக்கிறான், தங்கலுக்கு 1,000 பிடித்தம். கையில் 2,000.

அறுபது தங்கலில் கடன் தீர வேண்டும். தீராது. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு. காற்று அடித்தால் அந்த மூன்றும் இல்லை. பாடு, அதாவது மீன், கிடைக்காத தங்கலில் பங்கே வராது; அன்றைக்கு வீட்டுச் செலவுக்குச் சம்மாட்டி கொடுக்கும் 500 ரூபாயும் கடனாக நோட்டில் ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அரசு நிவாரணம் போதாமல் இன்னொரு 15,000. தடை முடிகிற அதே மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது, பீஸுக்கு இன்னொரு கை. ஒரு வருடம் ஓடியபின் கூட்டிப் பாருங்கள், கடன் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும். இத்தனைக்கும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கதைக்கான முடிச்சு இங்கேதான் விழுகிறது, வில்லன் இல்லாமலேயே.

அடுத்தது, சம்மாட்டிக்கு மேலே இருப்பவர். படகு கட்டவும் இஞ்சின் மாற்றவும் மீன் வியாபாரியிடம் பணம் வாங்கியிருப்பார். வாங்கின கையோடு படகில் வரும் மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். வெளியே ஏலத்தில் கிலோவுக்கு 40 ரூபாய் கூடப் போகிறதென்று ஆட்களுக்கும் தெரியும். அந்த நஷ்டம் அவர்கள் பங்கிலும் விழுகிறது. இதை ஒரே ஒரு காட்சியில் காட்டினால் போதும்: தன் ஆட்களை ‘டேய்’ போட்டு அழைப்பவர், வியாபாரியின் கம்பெனி வாசலில் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருப்பார். இதற்காக அவர்மீது பரிதாபம் வரவழைக்க மெனக்கெட வேண்டாம்.

பிறகு நோட்டில் ஏறாதவை. எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். ஆளின் மனைவி சம்மாட்டி வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே போய் மீன் ஆய்ந்து, பாத்திரம் கழுவி, சோறும் பழைய சேலையும் வாங்கி வருவாள். அதற்குக் கூலி கேட்டால் கேட்டவளுக்குத்தான் அசிங்கம். எதிர்ப்பக்கமும் உண்டு. கறிக்கு எடுத்துப்போகிற மீனுக்கு அடியில் நாலு பெரிய இறால் பையில் போகும். சம்மாட்டிக்குத் தெரியும். கேட்கமாட்டார், என்றைக்காவது உதவும் என்று வைத்துக்கொள்வார். அவர் கேட்காததை அவனும் பெருந்தன்மை என்று நம்பவில்லை. இருவரும் திருடுகிறார்கள், இருவரும் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார்கள். வசனம் எழுதாமல் நகர்த்த வேண்டிய பகுதி இது.

அழைப்பு முறையில் கவனம் தேவை. ஒரே ஊர், ஒரே கோயில் அல்லது சர்ச், ஏதோ ஒரு வழியில் சொந்தமும் இருக்கும். படகில் ‘சம்மாட்டி’, வீட்டில் ‘மாமா’. மாமாவிடம் கணக்குக் கேட்க முடியாது. நோட்டைத் திறக்கப்போகும் நேரத்தில் ‘வா மருமகனே, சாப்பிட்டியா’ என்று அவர் ஆரம்பித்தால் அன்றைக்குக் கணக்குப் பேச்சு கிடையாது. அவர் உள்ளன்போடு கேட்டாரா, உத்தியாக்கிக் கேட்டாரா என்பதை எழுதுகிறவரே முடிவு செய்யாமல் விட்டால் நல்லது.

முதலாளியின் நல்ல மனசைக் காட்ட ஆஸ்பத்திரிச் செலவைத் தூக்கிக்கொண்டு வருவது பழகிப்போன வழி. பணம் கட்டினார், வேலையாள் கண் கலங்கினான், முடிந்தது. இந்தக் கரைக்குப் பொருந்துகிற இடம் வேறு இருக்கிறது. ‘வெறும் படகா வந்துராதீங்கப்பா’ என்று சம்மாட்டி கரையில் சொல்கிறார். எல்லை தாண்டு என்று சொல்லவில்லை. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் போட்ட கடல் எல்லைக் கோடு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஜிபிஎஸ் காட்டும், டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் தாண்டுகிறார். இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. ஆட்கள் அங்கே சிறையில், படகும் அங்கே. இங்கே வாராவாரம் சம்மாட்டி வீட்டிலிருந்து 1,500 ரூபாய் ஆளின் வீட்டுக்குப் போகிறது. அவர் படகையும் இழந்து நிற்கிறவர், கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அந்தப் பணம் நோட்டில் ஏறுகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவிட்டால் கதையின் பாதி முடிந்தது. ஏறுகிறது, ஆனால் அவன் வீட்டுக்குத் தெரியாது என்பது என் தேர்வு. திரும்பி வந்தபின் யார் வாய்வழி தெரிகிறது என்பதில் அடுத்த பத்துப் பக்கம் ஓடும்.

வேலையாளையும் வெள்ளையடிக்காதீர்கள். தடைக்காலத்தில் மச்சினனைப் படகில் சேர்த்துவிட்டு அவன் பெயரிலும் 20,000 வாங்கி, அதில் பாதியைத் தன் கடன் பாக்கியில் கழிக்கட்டும். பையனிடம் சொல்லாமல். ஏழ்மையைக் காரணம் காட்டி வாசகர் அவனை மன்னிக்க அவசரப்படுவார். பையனின் முதல் தங்கலை, வாந்தியும் தூக்கமின்மையும் கை வெட்டுமாக, நிதானமாக எழுதினால் அந்த அவசரம் அடங்கும்.

யார் கண் வழியாகச் சொல்வது? சென்னையில் படித்துவிட்டு லீவில் வரும் சம்மாட்டி மகள் வேண்டாம். அவள் வந்த மறுநிமிடம் கதை அவளுடைய குற்ற உணர்ச்சியைப் பற்றியதாகிவிடும். டிரைவர் பொருத்தம்: இரண்டு பங்கு வாங்குகிறவர், ஆட்களோடு சாப்பிட்டு சம்மாட்டியோடு பேசுகிறவர், எல்லாவற்றிலும் கொஞ்சம் உடந்தை.

முடிவில் வக்கீலைக் கொண்டுவராதீர்கள். 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறது. ஆனால் அந்த ஆள் விட்டுப்போக முடியாமல் கட்டுண்டு கிடந்தானா என்பதுதான் வழக்காகும். இங்கே அவன் போகலாம். வேறு சம்மாட்டி பாக்கி 58,000-ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு அவனை எடுத்துக்கொள்வார். பழையவரும் வாங்கி, நோட்டில் பெயரை அடித்துவிட்டு, ‘ஏதாச்சும் வேணும்னா வந்து கேளு’ என்பார். திங்கட்கிழமை அவன் பக்கத்துப் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பான். மச்சினன் மட்டும் பழைய படகிலேயே இருப்பான்.